இடக்கைப் பேரம்

கரட்டுவலசு மாரப்பன் மகன் சென்னியப்பன் என்பது என் பெயர். வயது எழுபத்து மூன்று நிறைந்து எழுபத்து நான்கு நடக்கிறது. தொழில், கால்நடைத் தரகு, அதிலும் சிறப்பாகக் காளைகள். கல்வி, பள்ளிக்கூடத்து வாசற்படியைத் தாண்டாதது, எனினும் அச்சில் வந்த எதனையும் பிழையின்றிப் படிக்கவும், படித்ததை அதே நடையில் திருப்பி எழுதவும் என்னால் இயலும் என்பதை எங்கள் வட்டாரத்தில் மறுப்பார் இல்லை. மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருந்த பேராசிரியர் அம்மையார் "ஐயா, உங்க பேரு என்னங்க?" என்று கேட்ட நொடியிலேயே இவ்வளவையும் வாக்கியம் வாக்கியமாக, நிறுத்தக்குறிகள் உட்பட, உள்ளே அடுக்கி முடித்துவிட்டேன். முடித்து, தொண்டையைச் செருமி, சபையில் எழுந்து நிற்பவனைப்போல் முதுகை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். "தண்ணி" என்றேன். என் மகன் தேவராசன் உடனே பையிலிருந்து புட்டியை எடுத்து மூடியைத் திருகினான். அம்மையார் கையை உயர்த்தி அவனைத் தடுத்தார். "உக்காருங்க சார். அவர் தண்ணி கேக்கல. பேரைச் சொன்னாரு." மூன்று மாதங்களுக்கு மேலாக மருத்துவமனையிலும் வீட்டிலும் இந்த ஒரு சொல்லுக்காக எனக்குப் புகட்டப்பட்ட நீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு குட்டை நிறைந்திருக்கும், போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாலும் அதே சொல்தான் வெளிப்படும், மறு குவளை வரும். அப்படியிருக்க, நான் சொன்னது என் பெயர் என்று இந்த அம்மையார் எவ்வாறு அறிந்தார்? நான் உச்சரித்த விதத்தில் ஒரு பெயருக்குரிய ஏற்றமும் இறக்கமும் இருந்திருக்க வேண்டும். சொல் தொலைந்த பின்னும் அதன் நடை தொலைவதில்லை போலும். மாடு விற்றுப்போன தொழுவத்தில் அது நின்ற இடம் மட்டும் தேய்ந்து கிடப்பதைப்போல. இதை எழுதி வைக்க வேண்டும் என்று எண்ணினேன். எழுதும் கையோ என் மடியில் கிடந்தது, பந்தியில் உண்டுவிட்டு அங்கேயே உறங்கிப்போன விருந்தாளியைப்போல.

அந்தச் சொல் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட வரலாற்றை நான் பலவாறு ஆராய்ந்திருக்கிறேன். வைகாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் பல் துலக்கிவிட்டுச் செம்பை எடுக்கக் குனிந்தேன்; செம்பு கனத்தது, பிறகு உலகமே வலப்பக்கமாகக் கனத்தது, அதன் பிறகு கண் விழித்தபோது மருத்துவமனையின் மின்விசிறி. குனிந்த கணத்தில் வாளியில் தண்ணீர் இல்லையே என்று யாரையோ கூப்பிட நினைத்திருக்கிறேன். ஆகவே கதவு மூடிக்கொண்ட நேரத்தில் எந்தச் சொல் வாசற்படியில் நின்றதோ அது வெளியிலேயே தங்கிவிட்டது, மற்றவை அனைத்தும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன என்பது என் முடிபு. அப்போது நான் மாட்டுக்குத் தீனி கேட்டிருந்தால் இன்று நாள் முழுவதும் பருத்திக்கொட்டை, பருத்திக்கொட்டை என்று சொல்லித் திரிந்துகொண்டிருப்பேன். பக்கத்துத் தோட்டத்துக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருந்தது. பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரை எல்லாம் அந்தச் சொல்லாலேயே வரவேற்றிருப்பேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் எந்தத் தடையும் இன்றி வெளியே வருகிறது, அதுவும் ஒரு வியப்பு. அம்மையாரின் பக்கத்தில் அமர்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த இளைய விரிவுரையாளர், ஜெரோம் என்று அழைக்கப்பட்டவர், நிமிர்ந்து என் சிரிப்பைப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். காரணமின்றிச் சிரிக்கிறார் என்று எழுதியிருப்பாரோ? காரணம் இருந்தது, ஐயா, நேர்த்தியான காரணம். ஆனால் அதைவிட என்னை அரித்துக்கொண்டிருந்த கவலை வேறு. அன்று காலை பேருந்தில் வரும்போது ஒரு சொல் உள்ளேயும் கிடைக்காமல் போயிற்று. மாட்டின் மூக்கில் துளையிட்டுக் கோத்து, கொம்புகளுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சிடுவோமே, அதன் பெயர். என் கை ஆயிரம் முறை முடிந்த பொருள். உருவம் தெரிகிறது, எண்ணெய் தடவிய அதன் வழவழப்பு விரலில் தெரிகிறது, பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெற்றிடம். வெளிக்கதவு மூடியதைப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே அடுக்கியிருப்பவையும் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கினால்? மூக்குக்கு... மூக்கில்... இல்லை. விட்டுவிடு. விடுவதுபோல் பாவனை செய்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிரு. கன்றும் சொல்லும் துரத்தினால் ஓடும்.

அறையின் சுவர்கள் சாம்பல் நிறப் பஞ்சால் கூம்பு கூம்பாக வேயப்பட்டிருந்தன. வெளியே நடைபாதையில் செருப்புகள் தேயும் ஒலி, மாணவர்களின் கலகலப்பு, பேருந்துகளின் இரைச்சல் எல்லாம் கதவு மூடியதும் துணியில் ஒற்றி எடுத்ததுபோல் மறைந்தன. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒரு பக்கச் சுவரில் இருண்ட கண்ணாடி, அதற்கு அப்பால் மாணவர்கள் அமர்ந்து கவனிப்பார்கள் என்று அம்மையார் முன்னரே சொல்லி, "பரவாயில்லைங்களா ஐயா?" என்று என்னையே கேட்டிருந்தார். என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்து வெகு நாளாயிற்று. நான் தலையசைத்தேன், ஆனால் அந்தத் தலையசைப்பு எத்திசையில் போயிற்று என்று எனக்கே ஐயமாக இருந்தது, ஏனெனில் இந்நாட்களில் ஆம் என்று அசைக்க முயலும்போது இல்லை என்று அசைந்துவிடுவதும் உண்டு. வாசலில் இருந்த பலகையை உள்ளே வரும்முன் நின்று முழுமையாகப் படித்திருந்தேன். பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாட்டியல் துறை. இப்படி ஒரு துறை இருக்கிறது, அதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பேச்சு நின்றுபோனவனைப் பார்ப்பதையே ஆயுள் முழுவதும் படிக்கிறார்கள் என்பது எனக்கு எழுபத்து மூன்று வயது வரை தெரியாமல் போயிற்றே என்று வெட்கமும், அறிந்துகொண்டோமே என்று ஒரு மகிழ்ச்சியும் ஏற்பட்டன. தில்ஷாத் என்பது அம்மையாரின் பெயர், முனைவர் என்பது அதன் முன்னே. நெற்றியோரம் நரைத்திருந்தது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாக என்னைப் பார்ப்பார். மேசையில் மூளையின் வடிவம் ஒன்று இருந்தது; பூக்கோசுபோல் சுருள் சுருளாக, தொட்டால் பிளாஸ்டிக். அவர் அதன் இடப்பாதியைக் கழற்றி என் முன்னே வைத்து, பாக்கு அளவு ஓரிடத்தை விரலால் தொட்டார். "இந்த எடத்துக்கு ரத்தம் போகாம நின்னுடுச்சுங்க ஐயா. பேச்சை அடுக்கி வெளிய அனுப்பற வேலை இங்கதான் நடக்குது. உங்க அறிவு எங்கயும் போகல. வழிதான் அடைச்சிருக்கு." நான் அந்த இடத்தை இடக்கை விரலால் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் புண்ணாக்கு மடித்து வந்த செய்தித்தாள் துண்டுகளில் எழுத்துக் கூட்டிக் கற்ற தமிழ், சந்தையின் நான்கு மூலைக்கும் கேட்ட என் குரல், மாட்டின் சுழிகளைப் பற்றி நான் எழுதத் தொடங்கி முன்னுரையோடு நிற்கும் நூல், அனைத்தும் வெளியேற இந்தப் பாக்கு அகலமே பாதையாக இருந்ததா? இவ்வளவு ஒடுங்கிய சந்தில் எழுபது ஆண்டுகளாக நெரிசல் இன்றி எப்படிப் போய்வந்தன? வழி அடைத்தால் வேறு வழி வெட்ட இயலுமா? இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று துடித்தேன். "தண்ணி?" என்றேன். அம்மையார் சற்று யோசித்து, "வேற வழி உண்டாக்க முடியுமான்னு கேக்கறீங்க, இல்லையா?" என்றார். நான் ஆசனத்திலிருந்து எழுந்தே விட்டேன். தேவராசன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"முடியுங்க. முழுசா பழையபடின்னு சொல்ல மாட்டேன். ஆனா முடியும்" என்றார் அம்மையார், பிறகு தேவராசனைப் பார்த்து, "இங்க ஒரு பயிற்சி வகுப்பு நடத்தறோம் சார். தினமும் காலையில. ஒரு தடவைக்கு ஆறு பேரைத்தான் எடுத்துக்க முடியும். இன்னும் ஒரு இடம் இருக்கு. கேட்டுப் புரிஞ்சுக்கற சக்தி நல்லா இருக்கறவங்களுக்குத்தான் அது பலன் கொடுக்கும், அதுக்குத்தான் இன்னிக்கு இந்தச் சோதனை. சேர்ந்தா ஆறு மாசம் இங்கயே பக்கத்துல தங்கணும், கூட ஒருத்தர் இருக்கணும்" என்றார். தேவராசன் நெற்றியைத் தேய்த்தான். திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறவன். காலையிலிருந்து அவனுடைய கைப்பேசி அவன் சட்டைப்பையில் துடித்துக்கொண்டே இருந்தது. "மேடம், நேரா சொல்லிப்போடறேனுங்க. கூட இருக்கறதுக்கு என்னைத் தவிர ஆளு இல்லீங்க. கம்பெனிய வுட்டுப்போட்டு நான் இங்க வந்து ஆறு மாசம் உக்கார முடியுங்களா? அதுவுமில்லாம அப்பாவுக்கு நாம பேசறது ஏதாச்சும் புரியுதான்னே எங்களுக்கு டவுட்டுங்க. சோறுன்னா தண்ணிங்கறாரு, சட்டைன்னா தண்ணிங்கறாரு. வேணும்னா ஒரு மாசம் பாக்கலாம், அதுக்கு மேல..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டு உடனே சுவரின் இருண்ட கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். புரியுதான்னே டவுட்டு. மகனே, உன் கம்பெனியில் போன வாரம் நின்றுபோன தையல் எந்திரத்தின் எண் உட்பட நீ கைப்பேசியில் பேசிய அனைத்தும் எனக்குத் தெரியும். உன் மனைவி உன்னைப் பற்றி அடுக்களையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒன்றும் தெரியும், அதை நான் சொல்ல மாட்டேன். புரியாதவன் முன்னால் மனிதர்கள் எத்தனை வெளிப்படையாக வாழ்கிறார்கள் என்பதை நான் இந்த மூன்று மாதங்களில் கற்றதுபோல் யாரும் கற்றிருக்க மாட்டார்கள். ஆனால் அது இப்போது பயனில்லை. அந்த ஓரிடம். அது எனக்கு வேண்டும். குரல் திரும்புவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பாக்கு அகலத்தைச் சுற்றிப் புதுவழி எப்படி வெட்டுகிறார்கள் என்பதை, வெட்டப்படுகிறவனாகவே இருந்து பார்க்காமல் நான் சாவதற்கில்லை.

ஆகவே சோதனையில் வென்றாக வேண்டும் என்று உறுதி பூண்டேன். உறுதி பூண்டவன் செய்த காரியங்களை இப்போது எண்ணினால் வியப்பே மிஞ்சுகிறது. முதலில் அம்மையார், "என்கூடச் சேர்ந்து எண்ணுங்க ஐயா, ஒண்ணு..." என்றார். "ஒண்ணு" என்றேன். அறையே திடுக்கிட்டது, எல்லாரையும்விட நான். "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு" என்று என் வாய் தானாகவே ஓடிற்று, அவிழ்த்துவிட்ட கன்றைப்போல், நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேவராசன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "அப்பா!" என்றான். பத்துவரை போய் நின்றது. "அருமை. இப்ப உங்க கையில எத்தனை விரல் இருக்குன்னு சொல்லுங்க" என்றார் அம்மையார். ஐந்து. இப்போதுதான் சொன்னேன். வரிசையில் நின்றபோது வந்த ஐந்து, தனியே கூப்பிட்டதும் மந்தைக்குள் புகுந்து மறைந்துகொண்டது. "தண்ணி" என்றேன். தேவராசன் மீண்டும் பின்னால் சாய்ந்தான். ஏன் அப்படி? மந்தையோடு வரும் எண் தனியாக வர மறுப்பது ஏன்? இந்த ஆராய்ச்சியில் நான் மூழ்கியிருந்த நேரத்தில் ஜெரோம் படங்கள் அச்சிட்ட அட்டையை என் முன்னே வைத்து, "ஐயா, மாட்டைக் காட்டுங்க" என்றார். பார்த்தேன். குடை, சாவி, மரம், பிறகு ஒரு பிராணி. காளையின் திமில், சீமைப் பசுவின் மடி, செம்மறிக் கிடாயைப்போல் சுருண்ட கொம்பு, வால் தொடங்கும் இடம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே. இதைச் சந்தைக்கு ஓட்டி வந்தால் கண்காட்சிக் கொட்டகையில்தான் கட்ட வேண்டும். இதை மாடு என்று விரலால் சுட்டிக்காட்டி, கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மாணவர்கள் முன்னிலையில் என் தொழிலுக்கு இழுக்குத் தேடிக்கொள்வதா? எங்கேனும் வேறு மாடு இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், வெறும் வெள்ளை. தலையை ஆட்டினேன், இம்முறை ஐயத்துக்கு இடமின்றி இல்லை என்றே ஆடியது. "மாடு, ஐயா. மாடு எங்க?" என்று ஜெரோம் உரக்கக் கேட்டார். மூக்கிலும் ஒன்றும் இல்லை, காளை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மூக்கணாங்கயிறாவது வரைந்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. மூக்கணாங்கயிறு! காலையிலிருந்து தேடிய சொல், தானே வந்து முன்னால் நின்றது. மூக்கணாங்கயிறு, மூக்கணாங்கயிறு என்று கண்ணை மூடி உள்ளே திருப்பித் திருப்பிச் சொல்லிக் களித்துக்கொண்டிருந்ததில் அடுத்து அவர் கேட்ட சாவியும் குடையும் என் காதில் விழவே இல்லை. கண் திறந்தபோது அட்டையை எடுத்துவிட்டிருந்தார். எழுதுகோல் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் அறிவு விழித்தது. அவர்கள் மாட்டைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, சென்னியப்பா, உன்னைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கிடாய்க் கொம்பு முளைத்தால் என்ன, இறக்கையே முளைத்திருந்தாலும் காட்டித் தொலைத்திருக்க வேண்டியதுதானே.

"சரி, படம் வேண்டாம்" என்றார் அம்மையார், என் முகத்தைக் கவனித்துவிட்டு. நாற்காலியை மேசையைச் சுற்றி நகர்த்தி என் எதிரே போட்டு, தம் கையை என் இடக்கைப் பக்கம் நீட்டினார். "நான் கேள்வி கேக்கறேன். ஆமான்னா என் கையை ஒரு தடவை அழுத்துங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. உங்க பேரு சென்னியப்பனா?" எத்தனை எளிய கேள்வி, குழந்தையும் அழுத்தும். நான் என் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பெண்ணின் கை என்பதனால் என்று தேவராசன் நினைத்திருப்பான். "அப்பா, டாக்டர் மாதிரிங்கப்பா, சும்மா புடிங்க" என்றான். அது காரணம் அன்று. இடக்கை. ஐம்பது ஆண்டுகள் என் வாழ்க்கை முழுவதும் கைக்குள் கை வைத்தே நடந்தது. மாட்டை விற்பவரும் வாங்குபவரும் விலையை வாயால் சொல்வதில்லை. தரகன் தோள்துண்டை விரித்து, அதன் மறைவில் ஒருவருடைய விரல்களைப் பற்றுவான். எத்தனை விரலைப் பற்றினானோ அத்தனை. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்த இருவருக்கும் தெரியும். ஒப்பாதவர் கையை உதறுவார். ஒப்புபவர் உள்ளங்கையை அழுத்துவார். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டுக்குள் இடக்கையை நீட்டியவன் ஒருவனை நான் கண்டதில்லை. நீட்டியிருந்தால் அன்றோடு அவனைச் சந்தையில் எவனும் சேர்த்திருக்க மாட்டான். இடக்கையை நீட்டுவது, உன் வார்த்தைக்கும் உன் மாட்டுக்கும் நான் தரும் மதிப்பு இவ்வளவே என்று முகத்தில் உமிழ்வதற்குச் சமம். வலக்கையைத் தூக்க முயன்றேன். தோள் அசைந்தது, விருந்தாளி புரண்டு படுத்தான், எழவில்லை. "இன்னொரு தடவை கேக்கறேன் ஐயா. உங்க பேரு சென்னியப்பனா?" என் முகத்தில் வியர்வை அரும்பியது. இவ்வளவு கௌரவமாக என்னிடம் கேள்வி கேட்கும் ஒருவருக்கு இந்தக் கையாலா விடை சொல்வது? கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன். ஜெரோம் எழுதியதை நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில், ஆனால் அந்தப் பஞ்சுச் சுவர்களுக்குள் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி, "மேடம், புரிதல்லயே பெரிய சிக்கல் இருக்கு. சொன்னதைச் செய்யல. பத்துல ரெண்டு மூணுதான் தேறும். இவரைச் சேர்த்தா அந்த இடம் வீணாப் போகும். வெளிய இன்னும் நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அவர் மீது எனக்குச் சினம் வரவில்லை. அவர் கண்டதை வைத்து அவர் சொன்ன விலை அது. சந்தையில் அப்படி ஒரு மாட்டைக் கண்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அம்மையார் என்னைப் பார்த்து, "உங்க முன்னாடியே உங்களைப் பத்திப் பேசறோம், கோவிச்சுக்காதீங்க ஐயா" என்றார். பிறகு மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பேரம் முறியப்போகும்போது மனிதர்கள் ஏதாவது ஒன்றை மடிப்பார்கள், துண்டையோ, குடையையோ. "எங்களால ஆனதைப் பாத்துட்டோமுங்க மேடம், நீங்க என்ன செய்வீங்க" என்று தேவராசன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "எந்திரிங்கப்பா, போலாம்."

நான் எழவில்லை. என் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கமற்ற கை, அதன் நகங்கள்கூட மற்றொருவனுடையவைபோல் இருந்தன. அம்மையார் சொன்ன வேறு வழி என்பது இதுதானா என்று ஒரு நினைவு ஓடிற்று. வழக்கமான தடத்தில் வண்டி போகாது என்றானபின், வேறு தடம் எப்படி இருக்கும்? அருவருப்பாகத்தான் இருக்கும். முதலில் போகிறவனுக்கு எந்தத் தடமும் முள்ளாகத்தான் இருக்கும். சந்தை என்னைச் சேர்க்காது. சரி, சந்தை இங்கே இல்லை. இங்கே இருப்பவர்கள் மூவர், ஓரிடம், ஆறு மாதம் கேட்கும் ஒருவர், ஒரு மாதம் தருவேன் என்னும் ஒருவன். நடுவில் தரகன் இல்லை, அதனால் முறிகிறது. தரகன் இல்லையா? நான் எதற்கு இருக்கிறேன்? தோளிலிருந்த துண்டை இடக்கையால் இழுத்து உதறி முழங்கால்கள் மீது விரித்தேன். ஒரு நுனி சுருண்டுகொண்டது, அதைப் பல்லால் இழுத்து நேராக்கினேன். பிறகு துண்டுக்கு அடியில் கையை விட்டு, மகனைப் பார்த்து முகவாயை உயர்த்தினேன். அவன் விழித்தான். "என்னங்கப்பா? குளுருதுங்களா?" நான் மீண்டும் முகவாயை உயர்த்தினேன், சந்தையில் உயர்த்துவதைப்போல், வா, நேரம் ஆகிறது என்று. அவன் முகம் மாறுவதைக் கண்டேன். பை தோளிலிருந்து தானாக வழுக்கியது. "மேடம்," என்றான், குரல் ஒரு மாதிரியாக இருந்தது, "மேடம், அப்பா வெல பேசறாருங்க." "என்ன பேசறாரு?" "துண்டுக்குள்ள கையப் புடிச்சு வெல பேசுவாங்க, மாட்டுக்கு. சின்ன வயசுல ஒரு தடவை துண்டுக்குள்ள எட்டிப் பாத்தேன்னு முதுகுல ஒண்ணு வெச்சாருங்க, இன்னும் வலிக்குது. என்னைய அதுக்குள்ள கையே வெக்க வுட்டதில்ல." "இப்பக் கூப்பிடறாரு போல. வைங்க சார்" என்றார் அம்மையார், கழற்றிய கண்ணாடியை மறுபடி அணிந்தபடி.

அவன் மண்டியிட்டு அமர்ந்து கையை உள்ளே விட்டான். நான் அவனுடைய சுட்டுவிரலை மட்டும் பற்றினேன். "ஒண்ணு" என்றான், "ஒரு மாசம்னு நான் சொன்னது... மேடம், நான் சொன்னதையே சொல்றாருங்க!" தொகையை வாய்விட்டுச் சொல்கிறானே என்று நான் கண்களால் அதட்டினேன், அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அம்மையாரை நோக்கித் திரும்பி, தலையைத் தாழ்த்தினேன், இது இடக்கை, பொறுத்தருள வேண்டும் என்று. அவருக்கு அதன் பொருள் விளங்கியதோ இல்லையோ, அவரும் தலையைத் தாழ்த்திவிட்டுக் கையைத் துண்டுக்குள் கொடுத்தார். ஐந்து விரலையும் சேர்த்துப் பற்றி, விட்டு, மறுபடி ஒன்றைப் பற்றினேன். அவர் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. "ஆறு! நான் கேட்டது. ஜெரோம், ஆறு மாசம்னு நான் கேட்டதை எனக்கே சொல்றாரு." ஜெரோம் எழுதுகோலை மேசை மீது வைத்தார். அவ்வளவில் சோதனை முடிந்திருக்கலாம். ஆனால் துண்டை விரித்தபின் பேரம் முடியாமல் மடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. மகனுடைய மூன்று விரல்களைப் பற்றினேன். உதறினான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆயினும் முறையாக உதறினான். அம்மையாரின் மூன்று விரல்களைப் பற்றினேன். அவரும் சிரித்துக்கொண்டே உதறிவிட்டு, என் விரல்களை அவரே பற்றினார், ஐந்து. எவ்வளவு விரைவில் கற்கிறார்! நான் உதறினேன். மீண்டும் மகனிடம் வந்தேன். இம்முறை விரல்களைப் பற்றுவதற்கு முன் அவன் கை முழுவதையும் ஒரு கணம் என் கைக்குள் வைத்திருந்தேன், தரகன் அப்படித்தான் செய்வான், விலையைச் சொல்லும் முன் ஆளை அறிந்துகொள்ள. ஈரமாக இருந்தது. துணி வெட்டும் எந்திரம் காய்ப்பேற்றிய கட்டைவிரல். அந்தக் கையைக் கடைசியாக நான் எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. விட்டுக்கொடுக்க மனமில்லாதவன் கை வறண்டு இறுகியிருக்கும். நான் அறியாத கையா? இது அச்சத்தின் கை. ஆறு மாதம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தும் ஒரு சொல் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிற கை. வராது என்று முன்னமே முடிவு செய்துகொண்டால் வலி குறையும் என்று எண்ணிய கை. அவன் என்னைப் புரியாதவன் என்று சொன்னதை நான் இதுவரை தவறாகப் படித்துவந்திருக்கிறேன். நான்கு விரல்களைப் பற்றினேன். இறுக்கமாகப் பற்றவில்லை, உதற விரும்பினால் உதறிக்கொள்ளலாம் என்னும் அளவுக்குத்தான். அவன் உதறவில்லை. என் முகத்தைப் பார்த்தான், நேராக, கண்ணாடிப் பக்கம் திரும்பாமல். "நீங்க ஏமாத்திப்போட மாட்டீங்கல்ல?" என்றான் மெதுவாக. தரகனிடம் எல்லாரும் கேட்கும் கேள்விதான். பிறகு என் உள்ளங்கையை அழுத்தினான். அம்மையாரிடம் அதே நான்கைக் கொண்டுபோனேன். அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார், நெடுநேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்தார், நல்ல வியாபாரி செய்வதைப்போலவே, பிறகு அழுத்தினார். "சரிங்க ஐயா. சேர்த்துக்கறேன். நா..." என்று அவர் தொடங்கவும், "மேடம், மேடம், வெளிய சொல்லக்கூடாதுங்க" என்று தேவராசன் பதறித் தடுத்தான். ஜெரோம் எழுதுகோலை எடுத்தார். "மேடம், எத்தனை மாசம்னு போடட்டும்?" அம்மையார் அவரைத் திரும்பிப் பார்த்து, "இங்க வந்து கையை வைங்க ஜெரோம்" என்றார். அவர் எழுந்து வந்து, சற்று நாணத்துடன், துண்டுக்கு அடியில் கையை நீட்டினார்; என் தலை சாய்வதற்குள் அவரும் தலை சாய்த்தார்; நான் அவருடைய நான்கு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பற்றினேன். இவ்வாறு, பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாட்டியல் துறையின் பயிற்சி வகுப்பில் ஓரிடமும், நான்கு மாத காலமும், உடன் தங்க என் மகனும் என்று அந்தக் காரியம் முடிவானது விகாரி ஆண்டு, ஆவணித் திங்கள் இருபத்தாறாம் நாள், வியாழக்கிழமை முற்பகல்.